யன்னல் சீலை மூடிய பயணம்

இதை எழுதவோ விடவோ என்று பல வருடம் இழுபட்டேன். அந்தப் பயணத்தில் கூட வந்த எல்லாரும் ஒரே கோயிலுக்கு வருகிறவர்கள். வெள்ளிக்கிழமைப் பூசையில் முகம் பார்க்க வேண்டும். ஆனால் என்னைப் பற்றி அவர்கள் வாய் ஓயவில்லை. ஆகவே முருகன் அறிய நடந்ததை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு ஆவணி. லண்டன் ரெய்னர்ஸ் லேனில் இருந்து கோயில் ஆட்களோடு கோச் பஸ் பிடித்து வடக்கே ஒரு தேசியப் பூங்காவுக்குப் போனோம். மரமில்லாத மேட்டுநிலம்; அந்த மாதத்தில் ஹெதர் என்ற செடி பூத்து மலை முழுக்க ஊதாவாய்க் கிடக்குமாம். என் மனைவி துப்பரவு வேலை செய்த கந்தோரில் தொங்கிய கலண்டரில் அதைக் கண்டவள். சீனி வியாதியால் அவளுக்கு ஒரு கண் போய்விட்டது. மற்றதும் மங்கும் என்று டாக்டர் சொன்ன அன்று, "இஞ்சாருங்கோ, அந்தப் பூ மலையை ஒருக்கால் பாக்கவேணும்" என்றாள். லண்டனுக்கு வந்து அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

கோச்சில் வீடியோ இருந்தது. மேட்டுநிலம் தொடங்கும் இடத்தில், "சீலையை இழுத்து விடுங்கோ, வெளிச்சத்தில படம் தெரியேல்லை" என்று முன்னால் இருந்தவர் கத்தினார். எல்லா யன்னலும் மூடின. அவள் மெல்ல விலக்கிய சீலையையும் பின்சீட்டில் இருந்து ஒரு கை எட்டி இழுத்தது.

"விடுங்கோ, திரும்பி வரேக்கை பாப்பம்" என்று அவள்தான் என்னை அடக்கினாள்.

கல்வீட்டுக் கிராமம் ஒன்றில் இறங்கிச் சோற்றுப் பார்சல் சாப்பிட்டோம். தேத்தண்ணிக் கடை இருந்தது, தேவாலயம் இருந்தது, பூ இல்லை.

திரும்பும்போதும் அதே பாதை. இரண்டாவது படம் போட்டார்கள். மறுபடியும் சீலை. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. எழுந்து போய்ச் சாரதியை நிறுத்தச் சொன்னேன்.

"என்னண்ணை, வயித்துக்கை ஏதும் கோளாறோ?" என்று ஒருவர் கேட்க, கோச்சே சிரித்தது.

"படம் வீட்டில பாக்கேலாதோ? இவளுக்குக் கண் போகுது. மலை பாக்க வந்தனாங்கள்!"

இறங்கினோம். அவள் ஒரு கொப்பை வளைத்துக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தாள். "இவ்வளவு சின்னப் பூவே! கலண்டரில சேலை விரிச்ச மாதிரியெல்லோ கிடந்தது" என்றாள்.

"கெதியா ஏறுங்கோ, குளிர் வருது" என்று உள்ளே இருந்து கூப்பிட்டார்கள்.

அடுத்த கிழமையே லண்டனின் மறுகோடி செவன் கிங்ஸ் வரை கதை போய்விட்டது: நான் குடிவெறியில் கோச்சை மறித்தேனாம். மீன், இறைச்சி என்று மச்சம்கூடத் தொடாதவன் நான்! அடுத்த ஆவணிக்கு அவளுக்குப் பார்வை இல்லை. இப்போது சாமி விளக்கை நான் ஏற்ற, அவள் சூட்டை உணர்ந்து கும்பிடுகிறாள்.

வாசித்தவர்கள் இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அந்தச் சீலையை இழுத்த கையையும் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.