மடைக்கல் மேல் வைத்த கை

ராக்கம்மாளுக்கு ஓடம் என்றால் இரண்டு லாரி டியூபும் நடுவில் கட்டிய பலகையும்தான். பஸ் போகாத அந்த மலையடிக் கண்மாயில் பதினாறு வருடமாகத் தாமரை இலை அறுத்து, மதுரைப் பூக்கடைகளுக்குக் கட்டுக்கட்டாக அனுப்பி வந்தாள். புருஷன் போனபிறகு அவளையும் இரண்டு மகள்களையும் காப்பாற்றியது அந்தத் தண்ணீர்தான்.

ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மார்கழி முதல் மாசிவரை, தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரைகள் குஞ்சு பொரிக்கும். அந்தப் பக்கம் வெளியாளைக் கூட்டிப் போனவர் ஒரு வருடம் கண்மாயில் கால் வைக்க முடியாது.

தெரிந்தேதான் அந்த மார்கழியில் பவதாரிணியை ஏற்றிக்கொண்டாள். நாலு வருடம் தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு வந்த மதுரை விளாங்குடிப் பெண். ஒரு வாரம் கரைக்கு வந்து இலை அடுக்கிக் கொடுத்தாள், கஞ்சி வாங்கிக் குடித்தாள்.

"எத்தனையோ ஏரி பாத்துட்டேன்க்கா, இதப் பாக்கலையே."

"யாருக்கும் சொல்லமாட்டேன்னு மடைக்கருப்பு கல்லுல கைய வையி. கூட்டிட்டுப் போறேன்."

பவதாரிணி சிரித்துக்கொண்டே வைத்தாள். மடையைக் காக்கும் அந்தச் சாமியின் கல்லைத் தொட்டவர் யாரும் வாக்கு மாறி ராக்கம்மாள் பார்த்ததில்லை.

தாமரைக் காட்டை விலக்கிக்கொண்டு, மலை நிழல் விழுந்த ஆழத்துக்குப் போனார்கள். நீச்சல் தெரியாத பவதாரிணி பலகையை இறுகப் பிடித்திருந்தாள்.

"ஆடாம உக்காரு தாயி. கவுந்தா கருப்பு என்னையத்தான் கேப்பாரு."

மரங்கள் நாரைகளால் வெள்ளையாகப் பூத்திருந்தன. மீனும் எச்சமும் கலந்து நாறியது. குஞ்சுகளின் இரைச்சலில் பவதாரிணி கண் கலங்கினாள். ராக்கம்மாள் அந்தக் கண்ணீரையும் நம்பினாள்.

பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கரையில் பதினோரு கார்கள். ரப்பர் படகுகளை ஊதி இறக்கினார்கள். டிரோன் ஒன்று மரங்களுக்கு மேலே சுற்றியது. நாரைகள் மொத்தமாக எழுந்தன. சாயங்காலம் பாதிகூடத் திரும்பவில்லை.

ஊர்க்கூட்டத்தில் தலைவர் நல்லகாமன் போனை நீட்டினார். பவதாரிணி போட்ட படங்கள். வரும் பாதையையும் எழுதியிருந்தாள்.

"இது ஒன் முதுகுதானே?"

"ஆமாண்ணே. புள்ள கல்லுல கை வச்சுச்சு."

"கருப்பு போன் பாக்கமாட்டாருன்னு நெனச்சிருக்கும்" என்றான் கூட்டத்தில் இருந்த சோணை. கூட்டம் சிரித்தது. ஆனால் தீர்ப்பு மாறவில்லை. அடுத்த மார்கழிவரை அவளுக்குத் தண்ணீர் கிடையாது.

மறுநாள் விடியலில் பவதாரிணி போனில் கூப்பிட்டாள்.

"நாலு பேருக்குத் தெரியட்டும்னுதான்க்கா போட்டேன். இம்புட்டு பேரு வருவாங்கன்னு நெனைக்கல. அந்தக் கல்லு... நீங்க வெளையாட்டுக்குச் சொன்னீங்கன்னு நெனச்சேன்."

ராக்கம்மாள் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, தூக்குச்சட்டியில் கஞ்சியை ஊற்றி மூடினாள்.

"நீச்சத் தெரியாத ஒன்னைய ரெண்டாள் ஆழத்துல கூட்டிட்டுப் போயி, பத்திரமாக் கரையில விட்டேன்ல தாயி. அதையும் வெளையாட்டுக்கா செஞ்சேன்?"

பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தாள். மதுரைக் காளவாசல் முக்கில் சித்தாள் வேலைக்கு ஆள் எடுப்பார்கள். முதல் பஸ்ஸைப் பிடிக்க மூன்று மைல் நடக்க வேண்டும்.