மூன்றாகப் பிரிந்த தட்டு அட்டவணை

அக்கா மகனின் நிச்சயதார்த்தத்துக்கு இருபத்தொரு சீர்த்தட்டுகள் என்று முடிவானதும், எந்தத் தட்டு, யார் தூக்குவது, எந்த வண்டி என்று இணைய ஆவணத்தில் ஓர் அட்டவணை போட்டு எல்லாருக்கும் அனுப்பினேன். அதில் அக்காவின் பெயர் இல்லை. அத்தான் இறந்த பிறகு அவள் மங்கலக் காரியங்களில் முன்னே வருவதைப் பெரியம்மா விரும்பியதில்லை. "நீ பின்னால வாம்மா, போதும்" என்று சொல்லியிருந்தார். அக்காவும் சரி என்றாள். ஆனால் எல்லாத் தட்டுகளுக்கும் ஜரிகைத் துணி தைத்தவள் அவள்தான். ஒன்றையாவது ஏந்தி நடக்க அவளுக்கு ஆசை என்பது எனக்குத் தெரியும்.

அட்டவணை நீளமாக இருந்ததால் கைபேசியில் தன் பெயர் இருக்கும் வரிசைக்கு இறங்கினால் மேலே தலைப்பு தெரியவில்லை. ஆளாளுக்கு அழைத்துக் கேட்டார்கள். பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு வேன், ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து ஒரு வேன் கிள்ளானில் உள்ள பெண் வீட்டுக்குப் போவதால், வண்டிக்கு ஒன்றாக அதைப் பிரிக்க உட்கார்ந்தேன். கடைசிப் பத்து வரிசைகளை வெட்டிக் கீழே ஒட்டினேன். இடையில் வெற்று வரி இல்லாததால் அவை மறுபடி பழைய அட்டவணையோடு சேர்ந்துகொண்டன. வெற்று வரி விட்டு ஒட்டி, தலைப்பு வரிசையையும் நகலெடுத்து வைத்தேன்.

சற்று நேரத்தில் ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து பெரியம்மா அழைத்தார். அக்காவும் அவள் மகனும் பக்கத்தில் இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டேன்.

"என் வேன்ல பத்து தட்டா? வண்டி ஏறும்போதே ஒத்தப்படையா ஏறணும் லா. இன்னும் ஒண்ணு சேத்துக்க."

"சேத்தா மொத்தம் இருபத்திரண்டு, பெரியம்மா."

"அப்ப ஒண்ணு எடு."

"எடுத்தா இருபது."

"நீ படிச்ச புள்ளதானே? ரெண்டு வண்டியும் ஒத்தப்படை, மொத்தமும் ஒத்தப்படை. செய்யி."

இரண்டு ஒற்றைப்படைகளைக் கூட்டினால் இரட்டைப்படைதான் வரும் என்பதைப் பொறுமையாக விளக்கினேன். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்ப்பது கேட்டது.

"சரி, இன்னொரு வண்டி?"

மிச்சம் இருந்தது மாப்பிள்ளையின் கார் மட்டுமே. பெரியம்மாவின் பத்திலிருந்து கற்கண்டுத் தட்டை வெட்டி மூன்றாவது அட்டவணையாக ஒட்டினேன். பதினொன்று, ஒன்பது, ஒன்று.

"பாட்டி, என் கார்ல அம்மா மட்டுந்தான் வர்றாங்க" என்றான் அக்கா மகன். "நானே தூக்கிரவா?"

"மாப்பிள்ள தட்டு தூக்குவானா? பொண்ணு வீட்டுல சிரிப்பாங்கடா."

"அப்ப யாரு?"

மறுமுனையில் மிக்ஸி ஓடி ஓய்ந்தது. அக்கா பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தியிருந்தாள்.

"உங்கம்மாவே தூக்கட்டும்" என்றார் பெரியம்மா கடைசியில். "ஒத்தப்படைதான் முக்கியம்."

அவர் மனம் மாறும் முன் பெயரைத் தட்டச்சு செய்தேன். அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தன் கைபேசியைத் திறந்தாள். தலைப்பும் ஒரே ஒரு வரிசையும் கொண்ட அந்தச் சிறிய அட்டவணை, நகர்த்தத் தேவையின்றி முழுவதும் திரையில் அடங்கியிருந்தது.

"இது நல்லாத் தெரியுது" என்றாள்.

கிள்ளானில் அவள் வரிசையின் கடைசியில் கற்கண்டுத் தட்டோடு நடந்தாள். வாசலில் ஜரிகைத் துணி சற்று விலகியது. பெரியம்மா தன் தட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் அதைச் சரிசெய்தார்.