கல்லீரல் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி

கண்ணாடி ஸ்லைடை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார் டாக்டர் லம்டுவான். மைக்ராஸ்கோப் விளக்கெரியக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அவருக்கு அவசரமில்லை. ஸ்லைடில் ஊதா நிறத்தில் ஒரு கறை, அதற்குப் பின்னால் தூங்குமூஞ்சி மரம், அதற்கும் பின்னால் மழைமேகம்.

"முதல்ல தள்ளி நின்னு பாக்கணும். எடுத்த எடுப்புல கிட்டப் போனா எல்லாமே பயமாத்தான் தெரியும்" என்பார்.

அவருடைய வேலை, உடம்பிலிருந்து வெட்டி எடுத்த சதையைப் பார்த்துப் புற்றா இல்லையா என்று சொல்வது. சி என்ற ஆற்றின் கரையில் உள்ள எங்கள் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், அவருக்கு எதிர்மேசை என்னுடையது. செருப்பைக் கழற்றிவிட்டு, கால்மேல் கால் போட்டு, ஏதோ கல்யாணப் பாட்டை வாய்க்குள்ளேயே முனகியபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தாரென்றால் ஆள் இந்த உலகத்தில் இல்லை. மதியச் சாப்பாட்டில் பிடி சோற்றை எடுத்து உள்ளங்கையில் உருட்ட ஆரம்பிப்பார். உருட்டிக்கொண்டே மழையைப் பார்ப்பார். எங்களுக்கெல்லாம் சாப்பாடு முடிந்திருக்கும், அந்த உருண்டை இன்னும் அவர் கையிலேயே இருக்கும். ஸ்லைடு தயாரிக்கும் புன்மீ சத்தமாகவே கேட்பான்: "டாக்டரக்கா, அது சோறா, இல்ல முட்டையா? அடைகாக்குறீங்களே!" அவர் சிரித்துக்கொண்டே உருண்டையை வாயில் போட்டுக்கொள்வார்.

ஆற்று மீனைப் பச்சையாகக் கொத்தி, எலுமிச்சை பிழிந்து, மிளகாய்த்தூள் தூவிச் சாப்பிடுகிறவர்கள் நாங்கள். மீனோடு ஒரு புழுவும் உள்ளே போய்ப் பித்தக்குழாயில் குடியேறும். வருஷக்கணக்கில் அது அரித்த இடத்தில் புற்று வரும். எங்கள் ஆஸ்பத்திரியில் கல்லீரலுக்குள் ஒரு கட்டி என்றால், பார்க்காமலே புற்று என்று சொல்லிவிடலாம். பெரும்பாலும் அதுவே சரியாகவும் இருக்கும். கஷ்டமும் அங்கேதான். பித்தக்குழாயில் அபூர்வமாகச் சாதுவான கட்டிகளும் வருவதுண்டு. யாருக்கும் கெடுதல் செய்யாத சின்னக் கட்டிகள். புற்றையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவையும் புற்றாகவே தெரியும்.

இரண்டையும் எப்படிப் பிரித்துச் சொல்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். மரத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "சாதுவானது நாத்து நட்ட மாதிரி இருக்கும். குட்டிக் குட்டிக் குழாயா, எல்லாம் ஒரே அளவுல. தன் பாத்தியத் தாண்டிப் போகாது. புத்துக்கு வரப்பே தெரியாது. ஒண்ணு பெருசா, ஒண்ணு சிறுசா, கோணலா, அடுத்தவன் வயலுக்குள்ள பூந்துடும்."

போன மழைக்காலத்தில், ஒரு காலை, மாடியிலிருக்கும் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒரு சதைத் துணுக்கு வந்தது. கம்பாய் என்ற பெண். பேருந்து நிலையத்தில் அரிசி நூடுல்ஸ் விற்பவள். மஞ்சள் காமாலை முற்றி, இடப்பக்கப் பித்தக்குழாயில் புற்று என்று தெரிந்து, கல்லீரலில் பாதியை வெட்டி எடுக்க வயிற்றைத் திறந்திருந்தார்கள். திறந்தால், விட்டுவைக்க வேண்டிய வலப்பக்கத்தின் மேற்பரப்பில் ஒரு வெள்ளைப் புள்ளி. புற்று அங்கேயும் பரவிவிட்டதென்றால் வெட்டிப் பயனில்லை. மூடித் தைத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

அந்தப் புள்ளியிலிருந்து எடுத்த துணுக்கைப் புன்மீ உறைய வைத்துச் சீவிச் சாயமேற்றிக் கொடுத்தான். டாக்டர் குனிந்தார். முனகல் நின்றுபோனது.

தொலைபேசி அடித்தது. அறுவைசிகிச்சை மருத்துவர் தனோங். லம்டுவானோடு ஒன்றாகப் படித்தவர்.

"என்ன லம்டுவான், முழிச்சிருக்கியா?"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"ஒரே வார்த்தை. புத்தா, இல்லையா?"

"தெரியல. புன்மீ, இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டு."

"இங்க வயித்தத் தொறந்து வச்சிட்டு நிக்கிறேம்மா!"

"நில்லு."

உறைந்த சதையில் உருவம் குலைந்திருக்கும். அதோடு புழு கிளப்பிய வீக்கம் வேறு. நல்ல செல்லும் புற்றைப் போலக் கோபமாகத்தான் தெரியும். இரண்டாவது ஸ்லைடையும் பார்த்துவிட்டு எழுந்தார். செருப்பை மாட்டாமலே வாசல்வரை போய், திரும்பி வந்து மாட்டிக்கொண்டு மாடியேறினார். அவர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போய் நான் பார்த்ததே இல்லை. பின்னாலேயே போய்க் கண்ணாடிக் கதவருகில் நின்றேன்.

முகமூடிக்கு மேலே அந்தக் கண்கள் அப்போதும் கனவில் இருப்பவை போலத்தான் இருந்தன. திறந்த வயிற்றின்மேல் குனிந்து, எதையும் தொடாமல், புள்ளி இருந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"மேல்தோலுக்கு அடியிலயே உக்காந்திருக்கு. சுத்தி எதையும் இழுத்துப் பிடிக்கல" என்றார். "இது சாது. நீ வெட்டு."

தனோங் நிமிர்ந்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லு. நீ தப்பாச் சொன்னா, சாகப்போற பொம்பளையோட பாதி ஈரல சும்மா வெட்டினதா ஆயிடும்."

"தெரியும். நான் தப்பாப் புத்துன்னு சொன்னா, பொழைக்க வேண்டியவளத் தச்சு வீட்டுக்கு அனுப்பிடுவ. அதுவும் தெரியும். வெட்டு."

அவர் வெட்டினார்.

உறைய வைக்காமல் நிதானமாகப் பதப்படுத்திய ஸ்லைடுகள் வரச் சில நாட்களாகும். அந்த நாட்களில் லம்டுவான் வழக்கம்போலவே மழையைப் பார்த்தார். ஆனால் பாட்டு இல்லை. நான் பேச்சுக் கொடுத்தால், "ம்?" என்று எங்கிருந்தோ திரும்பி வருவார். ஒரு மாலை, "அவளுக்குப் பிள்ளைங்க இருக்கா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

ஸ்லைடுகள் வந்த அன்று, ஒன்றை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். பிறகு குனிந்தார். ஓரத்திலிருந்து ஓரம்வரை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டுத் தன் நாற்காலியில் உட்காரவைத்தார். குட்டிக் குட்டிக் குழாய்கள், எல்லாம் ஒரே அளவு, கரை தாண்டாமல்.

"நட்டிருக்கு பாத்தியா" என்றார்.

மாலையில் இருவரும் வார்டுக்குப் போனோம். கம்பாய் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண்ணில் மஞ்சள் இன்னும் முழுசாக வடியவில்லை. வாயில் இரண்டு கட்டிலுக்குக் கேட்கும் பேச்சு மட்டும் குறையவில்லை.

"யாரு நீங்க? புதுசா இருக்கு?"

"கீழ்மாடியில வேல பாக்குறேன்" என்றார் லம்டுவான்.

"கீழ்மாடியா? துணி வெளுக்குற எடமா? நல்லதாப் போச்சு, வாங்கக்கா. நர்சம்மாவக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வாயே வலிக்குது. காமாலை அரிப்பு இன்னும் விடமாட்டேங்குது. இந்த முதுகக் கொஞ்சம் சொறிஞ்சு விடுங்களேன், கையே எட்டல."

நான் குறுக்கே பேசப் போனேன். லம்டுவான் என் பக்கம் திரும்பவே இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மேல்சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அந்த முதுகில் விரல்களை வைத்தார்.

"இன்னும் மேல... இல்லக்கா, இடது பக்கம்... ம், அங்கதான், அங்கயேதான்."

கண்ணை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல் சொறிந்துகொண்டிருந்தார்.