பன்றித் தொட்டிக்கு ஒரு போர்வை

நானும் அப்பாவும் சேர்ந்து செய்த கடைசி வேலை, மூழ்கிக் கிடக்கும் பழைய போர்க்கப்பலின் மேலாகப் படகை ஓட்டிக் கடலடியைப் படம் எடுத்தது. அவர் சுக்கானில், நான் சோனார் திரையில். அதுதான் என் தொழில்.

"நேரா ஓட்டுப்பா. ஏன் பாம்பு மாதிரி போற?"

"பெத்தவனுக்கே படகோட்டச் சொல்லித் தர்றியா? ஒரு ஏலக்காய் பன்னு குடு, கை தானா நேராகும்."

திரையில் ஒரு கட்டை தெரிந்தது. போன கோடையில் அதை மணல் மூடியிருந்தது. அப்பா எட்டிப் பார்த்தார்.

"அடப் பாவமே, போர்வை விலகிடுச்சே. டாக்னி, இலையுதிர்காலப் புயலுக்கு முன்னாடி மூடியாகணும். இல்லேன்னா அரிச்சே போயிடும்."

அப்பா சிக்ஸ்டன், பால்டிக் கடலோரத்தில் எங்கள் பிளெக்கிங்கே கரையில் தபால்காரராக இருந்தவர். இளவயதில் நண்பர் ரூனேயுடன் பொழுதுபோக்காக முக்குளித்தபோது இந்தக் கட்டைகளைக் கண்டார். நீளமான மரம், நடுவில் பள்ளம். பன்றிக்குத் தீனி போடும் தொட்டி என்று இருவரும் தீர்மானித்தார்கள். முக்குளிப்போர் சங்கத்தில் அந்த இடத்துக்குப் பன்றிப்பட்டி என்றே பெயர் விழுந்தது.

பல ஆண்டுகள் கழித்து அருங்காட்சியகத்திலிருந்து ஆய்வாளர்கள் வந்தார்கள். அவை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசரின் போர்க்கப்பலில் பீரங்கிகளைத் தாங்கிய கட்டைகள் என்றார்கள். இரும்புக் குழல்கள் துருவாகிப் போய்விட்டன. உப்புக் குறைந்த எங்கள் பால்டிக் கடலில் மரம் தின்னும் புழு இல்லாததால் கட்டைகள் மட்டும் மிச்சம்.

"ராஜாவோட பீரங்கியில பன்னிக்குத் தீனி வச்சவன் நான்!" தபால் கொடுத்த வீட்டிலெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அதன்பின் அவருடைய கோடை விடுப்பெல்லாம் ஆய்வாளர்களுக்கே. மணல் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பார். மேலே வந்ததும் முதலில் காபி கேட்பார், பிறகுதான் முகமூடியைக் கழற்றுவார்.

கட்டையை மூட அனுமதி வந்தது. மணல் மறுபடி தங்குவதற்காக அதன்மேல் விரிக்க வேண்டிய துணியும் வந்தது. அப்பா சனிக்கிழமை இறங்குவதாக இருந்தார். வியாழன் காலை அடுப்படியில் இதயம் நின்றுவிட்டது. வலி இருந்திருக்காது என்றார் மருத்துவர். அதைச் சரிபார்க்க என்னிடம் கருவி இல்லை.

அடக்கம் முடிந்து ரூனே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வேலையை நம்ம தலையில கட்டிட்டுப் போயிட்டான் பாரு, கழுதை" என்றார். கொஞ்சம் அழுதார். "நான் இறங்குறேன். மேல நீ கயித்தைப் பிடிச்சுக்கிறியா?"

"பிடிக்கிறேன்."

துணிச்சுருள் படகில் இருக்கிறது. தென்மேற்குக் காற்று தணிந்தால்தான் இறங்க முடியும்; இன்னும் தணியவில்லை. கட்டை திறந்தே கிடக்கிறது.