வாசிக்காமல் விட்ட கடிதங்கள்

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடங்களாக இழுபட்டுக்கொண்டிருந்தேன். கொப்பியை எடுத்து வைப்பேன். கந்தசஷ்டி வந்துவிடும். விரத நாளில் பெற்ற தகப்பனைப் பற்றி இப்படி எழுதக்கூடாது என்று மூடிவைப்பேன். ஒரு விரதம் முடிய அடுத்த விரதம் வரும். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றவள் நான். வசனம் பிழைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், சங்கதி பிழைக்காது.

ஐயா உரும்பிராயில் தோட்டம் செய்தவர். புகையிலையும் வெங்காயமும். ஆனால் ஊருக்கு அவர் பேச்சாளர். ஐம்பத்தாறில் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்த பிறகு வாசிகசாலை முற்றத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் மேடையில் அவர் நிற்பார். உரிமை என்பார், விடுதலை என்பார், நம்முடைய வாயை அடைக்க எவனுக்கும் அதிகாரமில்லை என்பார். பத்திரிகைக்குக் கடிதமும் எழுதுவார். அவருடைய பெயர் அச்சில் வந்த அன்று அம்மா அந்தத் தாளை மடித்துச் சாமிப்படத்துக்குக் கீழே வைப்பா. சினிமாப் பாட்டு தமிழ்ப் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்பதும் அவர் மேடையில் அடிக்கடி பேசுகிற பேச்சு. எங்கள் வீட்டிலும் வானொலி இருந்தது. செய்திக்கு மட்டும்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. ஐயா தோட்டத்துக்குப் போனதும் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பாட்டுக் கேட்பேன். விரும்பிய பாட்டைப் போடச்சொல்லி எழுதியவர்களின் ஊரையும் பெயர்களையும் வாசித்துவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். என் பெயரையும் ஒருதரம் அந்தக் குரல் சொல்லிக் கேட்கவேண்டும் என்று ஆசை. ஒரு தபாலட்டை எழுதினேன். வீட்டார் எல்லாருடைய பெயரையும் எழுதுவதுதான் வழக்கம். தகப்பனை விட்டுவிட்டு நான் மட்டும் நின்றால் மரியாதை இல்லையே என்று ஐயாவின் முழுப் பெயரையும் முதலாவதாக எழுதினேன். நான் செய்த பிழை அதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை. பூசை முடிந்து, நெற்றி நிறையத் திருநீற்றோடு ஐயா சந்தித் தேத்தண்ணிக் கடையில் இருந்திருக்கிறார். அங்கே வானொலி முழுச் சத்தத்தில் போய்க்கொண்டிருந்தது. உரும்பிராய் என்று சொல்லி அவர் பெயர், பிறகு அம்மா, கடைசியில் நான். அதன் பிறகு ஒரு காதல் பாட்டு.

"என்ன அண்ணை, மேடையிலை ஒரு கதை, தபாலட்டையிலை வேறை கதையோ?"

"விடடாப்பா, மனுசனுக்கும் ஆசை இருக்குந்தானே!"

கடை சிரித்த சிரிப்பைப் பக்கத்து வீட்டுக்காரர் வேலியடியில் நின்று அம்மாவுக்குச் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஐயா வந்து வாசல் படலையைச் சாத்தினார். அடிக்கவில்லை.

"உன்ரை பேர் இனி இந்தப் படலைக்கு வெளியாலை போகப்படாது" என்றார்.

"சின்னப் பிள்ளையப்பா, தெரியாமல் செய்துபோட்டாள்" என்றா அம்மா.

"நீ பொத்து வாயை."

திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் போகவில்லை. பிறகு ஒருநாளும் போகவில்லை. அடுத்த ஞாயிறு அவர் பேச்சுச் சுதந்திரம் பற்றிப் பேசினார். குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த எனக்கு ஒலிபெருக்கியில் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கைதட்டலும் கேட்டது.

கலியாணத்தில் அந்த வீட்டையே எனக்குச் சீதனமாக எழுதினார். அதனால் அம்மா போன பிறகும் என்னோடுதான் இருந்தார். எழுபதுகளின் நடுவில் சீனி வருத்தம், நீரிழிவு என்பார்களே, அது அவர் கண்ணைக் கொண்டுபோனது. மேடை போயிற்று. ஆட்கள் வருவதும் நின்றது. பத்திரிகைக்கு எழுதுகிற கடிதம் ஒன்றுதான் மிச்சம். அவர் சொல்ல நான் எழுதுவேன். ஓர் எழுத்துக்கூட மாற்றியதில்லை, முத்திரை ஒட்டி நானே தபாலில் போட்டேன். விடிந்தால் பத்திரிகை வாசித்துக் காட்டுவதும் நான்தான்.

"என்ரை கடிதம் வந்திருக்கே, பிள்ளை?"

தாள் என் மடியில் விரிந்திருக்கும். கடிதத்தின் அடியில் அவர் பெயர் கறுப்பாக இருக்கும்.

"இல்லை ஐயா."

"வடிவாய்ப் பார்."

"பாத்திட்டன். இல்லை."

"உவங்கள் வயது போனவன்ரை கதையைப் போடாங்கள்" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்புவார். எனக்கு வயிறு குளிரும். அந்தத் தாளை அடுப்புக்குள் வைத்துவிட்டு, கை கழுவி, விளக்கேற்றித் தேவாரம் படிப்பேன். செய்வதையெல்லாம் பிள்ளையாரிடம் சொன்னேன். மன்னித்துவிடு என்று மட்டும் கேட்கவில்லை. அங்கே பொய் சொல்ல முடியாது.

ஐந்து வருடத்துக்கு மேல் இப்படிப் போனது. ஒருநாள் காலை, கொக்குவிலிலிருந்து அவருடைய பழைய கூட்டாளி, ஓய்வுபெற்ற வாத்தியார், சைக்கிளில் வந்து இறங்கினார்.

"அண்ணை, போன கிழமைக் கடிதத்திலை நல்லாய்க் குடுத்திருக்கிறியள்! கண் போனாலும் வாய் போகேல்லை."

நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வாத்தியார் போனார். படலை சாத்துகிற சத்தம் கேட்டதும் ஐயா என் பக்கம் திரும்பினார்.

"எத்தினை வந்தது?"

"பதினொண்டு."

"எங்கை?"

"அடுப்புக்கை."

"என்னத்துக்கு மோனை?" என்றார்.

"என்ரை பேரும் ஒருக்கா வெளியாலை போனது, ஐயா. ஒருக்காத்தான்."

அதன் பிறகு அவர் கடிதம் சொல்லவில்லை. பத்திரிகையை வாசி என்றும் கேட்கவில்லை. பத்திரிகை வந்துகொண்டிருந்தது, நான் தனியே வாசித்தேன். அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார்.

இதை வாசித்துப் பார்த்த என் மகள், படித்தவள், சொன்னாள்: "அம்மா, கடைசியிலை நீங்கள் தாத்தாவின்ரை காலிலை விழுந்து அழுதனீங்கள் எண்டு போடுங்கோவன். இல்லாட்டிச் சனம் உங்களைத்தான் பேசும்."

"பேசட்டும்" என்றேன்.

நான் காலில் விழவில்லை. அவரும் பிழை என்று சொல்லவில்லை. செத்தவீட்டில் அழுதேன், ஒரு மகள் அழவேண்டிய அளவுக்கு. எனக்கு இன்னும் ஆறவில்லை. இதை வாசிக்கிற நீங்கள் இன்னொருவருக்குச் சொன்னால் உள்ளபடி சொல்லுங்கள். அவரை நல்லவராக்க ஒரு வரி சேர்க்காதீர்கள். என்னை நல்லவளாக்கவும் வேண்டாம்.