ரெஜினா மேடம் அழுத்திய ‘வேண்டாம்’

திங்கட்கிழமை காலை பாகலூர் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. “ரெஜினா மேடம் தவறிட்டாங்க சார். மத்தியானம் மத்திகிரியில அடக்கம்” என்றார் சூப்பர்வைசர். வண்டியைத் திருப்பினேன். அந்த அம்மையாரிடம் நான் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு ஒன்று பாக்கி இருந்தது.

எங்கள் தொழிற்சாலையில் ஷாஃப்ட் எனும் இரும்புத் தண்டுகளை அளந்து கணினியில் ஏற்றுவது அவர் வேலை. தெலுங்கில் கேட்டால் தெலுங்கிலும் கன்னடத்தில் கேட்டால் கன்னடத்திலும் பட்டென்று பதில் சொல்வார். அளவுகளை ஏற்றும் புரோகிராமை எழுதியவன் நான். சோம்பலில் ஒரு குறுக்குவழி செய்திருந்தேன். எண் உள்ள கட்டத்தில் கர்சர் பட்டாலே எண் மாறிவிட்டதாக அது எடுத்துக்கொள்ளும். சும்மா பார்த்துவிட்டு மூடினாலும் ‘மாற்றங்களைச் சேமிக்கவா?’ என்று கேட்கும். அலுத்துப்போய் எல்லோரும் படிக்காமலே ‘வேண்டாம்’ அழுத்தப் பழகிவிட்டார்கள்.

ஒருநாள் மேடமும் அப்படி அழுத்தினார். ஒரு ஷிப்ட்டின் அளவுகள் மொத்தமும் போயின. அளவு விவரம் இல்லாமல் சரக்கு லாரி கேட்டிலேயே நின்றது. அவருக்கு மெமோ கொடுத்தார்கள். கைக்கு வந்த லைன் லீடர் பதவியும் போயிற்று. என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் வாரம் அது. நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் அவரே என் மேஜைக்கு வந்தார். “சும்மா சும்மா கேட்டா யாரு சார் படிப்பாங்க? நெசமா மாத்துனா மட்டும் கேக்கட்டும்.”

திறக்கும்போது இருந்த எண்களை நகலெடுத்து வைத்து, மூடும்போது ஒப்பிடும்படி மாற்றினேன். அவர் ஓர் எண்ணை அழித்து அதையே திரும்ப அடித்து மூடினார். புரோகிராம் எதுவும் கேட்கவில்லை. 25 இருந்த இடத்தில் 25.00 அடித்தார். ‘சேமிக்கவா?’ என்று கேட்டது. “ரெண்டும் ஒண்ணுதானே சார், அதுக்குத் தெரியாதா?” என்று சிரித்தார். அதையும் சரிசெய்யும்வரை என்னை அவர் விடவில்லை.

அடக்கம் முடிந்ததும் நேரே நிர்வாக அலுவலகம் போனேன். அந்தத் தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன்.

“அவங்களே இல்ல, இப்ப எதுக்கு சார்?” என்றபடி அலுவலர் கோப்பைப் பிரித்தார். மெமோவுக்கு மேடம் எழுதிய பதிலை அன்றுதான் முதன்முறையாகப் படித்தேன். “புரோகிராம் சரியாகத்தான் கேட்டது. நான்தான் பார்க்காமல் அழுத்திவிட்டேன். எழுதியவரை இதில் இழுக்க வேண்டாம்.”

அதன் மேல் என் கடிதத்தை வைத்துவிட்டு வந்தேன். மனம் ஒரு நிலையில் இல்லை. போய் வாருங்கள் மேடம். ஐந்து வருடம் எதிர் மேஜையில் இருந்தீர்கள். எழுந்து வந்து சொல்ல எனக்குப் பத்தடிகூட இருந்திருக்காது.