மூணுவாலின் முதுகு கறுக்கும்போது

ஓடைக்கல்லைப் புரட்டினால் அதன் அடிப்பக்கத்திலிருந்து பாசியும் இரும்பும் கலந்தாற்போல ஒரு குளிர்ந்த வாசம் மூக்கில் ஏறும். கூடவே நெல்மணி அளவுள்ள சப்பைப் பூச்சிகள் வெளிச்சத்துக்குப் பயந்து கல்லின் மறுபக்கத்துக்கு ஓடும். பின்னால் மூன்று மெல்லிய இழைகள் நீண்டிருக்கும் என்பதால் அவற்றுக்கு 'மூணுவாலு' என்று நானே பெயர் வைத்திருந்தேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அம்மாவுக்கு வெள்ளிமலையில் செவிலியர் வேலை. நானும் அவளும் மலையில் இருந்தோம். எலவனாசூர்கோட்டைப் பக்கம் கரும்பு லாரி ஓட்டிய அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறி வருவார். அந்தக் கார்த்திகையில் பாரம் ஏற்றும்போது கரும்புக்கட்டு சரிந்து அவருடைய இடது முழங்கால் உடைந்தது. தை மாதம் மாவுக்கட்டைப் பிரித்த மருத்துவர், தினமும் மடக்கிப் பழகாவிட்டால் கால் இப்படியே இறுகிவிடும் என்று சொல்லி அனுப்பினார். கிளட்ச் மிதிக்கிற கால் அது. ஆனால் அப்பா எங்களோடு வந்து தங்கியபிறகு காலை நீட்டியபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாரே தவிர, மடக்கவில்லை. அம்மா எண்ணெய் தடவ வந்தால் "அப்பறம் பாக்கலாம்" என்பார். நாளாக நாளாக அந்தப் பேச்சும் நின்றுபோனது.

வீட்டின் மௌனம் பிடிக்காமல் பள்ளிக்கூடம் விட்டதும் நான் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போய்விடுவேன். மண்புழுவுக்கு மீன் எட்டிக்கூடப் பார்க்காது. சில நாட்களில் மட்டும் நாலு மணிவாக்கில் கெண்டைகள் தண்ணீருக்கு மேலே துள்ளித் துள்ளி எதையோ விழுங்கும். எதை என்று பார்க்கத்தான் கல்லைப் புரட்டத் தொடங்கினேன். புட்டியில் பிடித்துவைத்த மூணுவாலுகள் விடிவதற்குள் செத்துப்போயின. பிறகு அகலமான தட்டில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, கல்லோடு வைத்து, மேலே கொசுவலைத் துணியைப் போர்த்தினேன். முதுகு கறுத்திருந்த பூச்சிகள் மட்டும் மறுநாள் மாலை தோலைக் கிழித்துக்கொண்டு சாம்பல் நிற றெக்கையோடு வெளியே வந்தன. காலையில் பார்த்தால், துணியில் ஒட்டியிருந்த அதே பூச்சிகள் இன்னொரு முறையும் சட்டை உரித்து, கண்ணாடி போன்ற றெக்கையோடு நின்றன. றெக்கை முளைத்தபிறகும் தோலுரிக்கிற பூச்சியை நான் கேள்விப்பட்டதே இல்லை. கெண்டைகள் துள்ளி விழுங்கியது இதைத்தான் என்று புரிந்தது; அன்று கரையோரக் கல்லிலும் முதுகு கறுத்த பூச்சிகள் இருந்தன. அன்று யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்திருக்கும். வீட்டில் அப்பாதான் இருந்தார்.

"நாளைக்கு நாலு மணிக்கு மீனு துள்ளும்பா. வந்து பாரு" என்றேன்.

என்னைத் தனியே ஓடைக்கு விட மனமில்லாமல்தான் வந்தாரோ என்னவோ, மறுநாள் கோலை ஊன்றிக்கொண்டு வந்தார். பத்து நிமிடத் தூரத்துக்கு அரைமணி ஆனது. நாலு மணி ஆனது, ஐந்தும் ஆனது. ஒரு மீன்கூடத் துள்ளவில்லை. வலியோடு அவரை இழுத்துவந்துவிட்டோமே என்று எனக்கு அழுகை முட்டியது. அவர் கோபப்படவில்லை.

"இன்னாத்தப் பாத்து நாலு மணின்னு சொன்ன?"

நான் கரையோரக் கல் ஒன்றைப் புரட்டிக் காட்டினேன். நின்றபடி பார்த்தால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பாறையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, மெல்ல மெல்லக் குனிந்து உட்காரப் பார்த்தார். பாதிவரைதான் முடிந்தது. அந்த நிலையிலேயே வெகுநேரம் பூச்சியைப் பார்த்துவிட்டு, நடு ஓட்டத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துவரச் சொன்னார். அந்தக் கல்லில் இருந்தவற்றின் முதுகு இன்னும் பழுப்பாகவே இருந்தது.

"மீனு நிக்கறது நடு ஓட்டத்துல. நீ கரையில பாத்துக்கினு சொன்னா எப்டி? கரைத்தண்ணி வெயில்ல சூடாவும், அது மொதல்ல முத்திக்கும். இதுக்கு இன்னும் நாலஞ்சி நாள் ஆவும் பாப்பா."

இரண்டு மாதத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். மறுநாள் நான் கூப்பிடும் முன்பே கோலோடு வாசலில் நின்றார். ஐந்து நாட்கள் இருவரும் கல் புரட்டினோம். கரையோரம் முடிந்ததும் முழங்காலளவுத் தண்ணீருக்குள் இறங்கினோம். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு குனிதல். அதை வைத்தியம் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. அப்பா வீட்டில் உட்கார்ந்து, தூண்டில்முள்ளில் சேவலின் சாம்பல் நிறக் கழுத்திறகை அம்மாவின் தையல்நூலால் சுற்றி, ஒரு பொய்ப்பூச்சி கட்டினார். அதில் எந்தப் பக்கம் தலை என்று அம்மா கேட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆறாம் நாள் மப்பும் மந்தாரமுமாக இருந்தது. நடுக்கல்லில் எல்லா முதுகும் மை பூசியதுபோலக் கறுத்திருந்தன. நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீரிலிருந்து ஒன்று எழும்பியது, பிறகு பத்து, பிறகு எண்ண முடியாதபடி சாம்பல் றெக்கைகள், அவற்றுக்குக் கீழே கெண்டைகளின் வெள்ளி வயிறுகள். அப்பா தக்கை இல்லாத தூண்டில் நரம்பை வீசி, இறகை ஓட்டத்தோடு மிதக்கவிட்டார். முதல் மீனை அவசரப்பட்டு இழுத்துத் தவறவிட்டார். நான் கத்த வாயெடுத்தேன்.

"கம்முனு இரு" என்றார், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்தது மாட்டியது. அதற்கப்புறம் இன்னும் இரண்டு. அன்று ராத்திரி குழம்பு கொதித்ததும், அவர் நாற்காலியை விட்டு எழுந்துவந்து எங்களோடு தரையில் உட்கார்ந்தார். கால் முழுதாக மடங்கவில்லை, ஆனாலும் மடங்கியது. அம்மா கரண்டியைப் பிடித்தபடி அந்தக் காலையே பார்த்தாள். பிறகு என் தட்டில் பெரிய மீனை வைத்தாள்.

லாரிக்கு அவர் திரும்பவில்லை. அந்த ஆடியிலிருந்து வெள்ளிமலைக்கும் சின்னசேலத்துக்கும் ஜீப் ஓட்டினார், பதினாறு வருஷம். மழைநாளில் முட்டி வலிக்கும் என்பதைத் தவிர வேறு குறை சொன்னதில்லை.

போன மாதம் அங்கே போயிருந்தேன். நாங்கள் கல் புரட்டிய இடத்தில் இப்போது தடுப்பணை. ஓட்டம் நின்று, கற்களின்மேல் வண்டல் படிந்திருக்கிறது. தேங்கிய தண்ணீரில் அந்தப் பூச்சிகள் ஒன்றுகூட இல்லை. அதைக் குறையாகச் சொல்லவும் மனம் வரவில்லை, ஏனென்றால் கோடையிலும் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் நிற்கிறதாம். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்தான் அதைச் சொன்னாள். என்ன தேடுகிறீர்கள் என்று அவள் கேட்டதற்குப் பூச்சி என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"மேல போங்க. தண்ணி சலசலன்னு ஓடற எடத்துல கல்லுக்கடியில கெடக்கும்" என்றாள்.

நான் பிடிக்க வேண்டிய சின்னசேலம் பேருந்து சாலையிலிருந்து ஹாரன் அடித்தது. அதைப் போகவிட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மேலே நடந்தேன்.